டிமக்ஸில் ரைட் கிளிக் மெனு: வேண்டாததை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைப்பது எப்படி?

#1 நள்ளிரவு_நிரலன்

வணக்கம். நாள் முழுக்க டெர்மினலில்தான் பிழைப்பு. ஒரே டெர்மினல் திரையைப் பேன்கள் எனப்படும் பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸில் மவுஸை ஆன் செய்ததிலிருந்து ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று தொல்லைகள்.

ஒன்று, பட்டனை விட்டதும் மெனு மறைந்துவிடுகிறது. டச்பேடில் இரண்டு விரல் தட்டினால் கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. இரண்டு, அதில் இருக்கும் ஸ்வாப், ரெஸ்பான், மார்க் எதையும் நான் தொட்டதே கிடையாது. தொட்ட ஒன்று கில். அதுவும் கை தவறி. இருபது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்த பில்ட் போயே போய்விட்டது. மூன்று, திரையில் ஒரு லாக் ஃபைலின் பெயர் தெரிந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து அங்கேயே திறந்து பார்க்க ஆசை.

இதில் குழப்பம் என்னவென்றால், சில சமயம் டிமக்ஸ் மெனு வருகிறது, சில சமயம் வேறொரு மெனு வருகிறது, சில சமயம் மெனுவே வராமல் கிளிப்போர்டில் இருந்தது ஒட்டிக்கொள்கிறது. எதை எங்கே மாற்றுவது?

போனில் தமிழ் விசைப்பலகையிலிருந்து எழுதுகிறேன், அதனால் கட்டளைகளையும் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

#2 பழைய_முனையம்

அந்த "சில சமயம்"தான் விஷயமே. மெனுவை அப்புறம் பார்க்கலாம். எந்த டெர்மினல், டிமக்ஸ் எந்தப் பதிப்பு, எந்தெந்த இடத்தில் எது வருகிறது என்று சொல்லுங்கள்.

#3 நள்ளிரவு_நிரலன்

சொந்தக் கணினி லினக்ஸ், க்னோம் டெர்மினல், டிமக்ஸ் 3.4. இங்கே ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டும் இடம்) இருந்தால் டிமக்ஸ் மெனு. நியோவிம் (டெர்மினலில் ஓடும் உரைத் திருத்தி) திறந்திருந்தால் வேறு மெனு. வேலைக்கான மடிக்கணினி விண்டோஸ், விண்டோஸ் டெர்மினலிலிருந்து ஒரு சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இணைவது). அங்கே ரைட் கிளிக் செய்தால் ஒட்டிக்கொள்கிறது. அந்த சர்வரில் இருப்பது டிமக்ஸ் 2.9, மவுஸ் ஆன் செய்யவில்லை.

#4 பழைய_முனையம்

சரி, இப்போது தெளிவாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் ரைட் கிளிக்கைப் பிடிக்க மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் டெர்மினல், அதாவது க்னோம் டெர்மினல், விண்டோஸ் டெர்மினல், புட்டி போன்றவை. அதற்குள் டிமக்ஸ். அதற்குள் நியோவிம் மாதிரி ஒரு நிரல். உள்ளே இருப்பவர் "மவுஸ் எனக்கு வேண்டும்" என்று கேட்காதவரை வெளியே இருப்பவரே வைத்துக்கொள்வார்.

கேட்பது எப்படி என்றால், நிரல் டெர்மினலுக்கு ஒரு எஸ்கேப் வரிசையை, அதாவது திரையில் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியை, அனுப்பும். 1000 என்ற எண் உள்ள வரிசை போனால் பட்டனை அழுத்துவதும் விடுவதும் நிரலுக்கு வரும். 1002 என்றால் அழுத்திக்கொண்டே இழுப்பதும் வரும். 1003 என்றால் சும்மா நகர்த்துவதுகூட வரும். 1006 என்பது அதை எந்த வடிவத்தில் சொல்வது என்பதற்கு. பழைய வடிவத்தில் 223ஆவது நெடுவரிசைக்கு மேல் சொல்லவே வழியில்லை, அகலமான திரைகளில் வலது ஓரத்தில் கிளிக் வேலை செய்யாமல் போகும். அதற்குத்தான் 1006. அதில் இடது பட்டன் 0, நடு 1, வலது 2.

இனி உங்கள் மூன்று நிலவரங்களுக்கு வருவோம்.

சர்வரில் மவுஸ் ஆன் ஆகவில்லை, யாரும் கேட்கவில்லை. அதனால் விண்டோஸ் டெர்மினல் தன் வழக்கப்படி நடக்கிறது: எதையாவது தேர்ந்தெடுத்திருந்தால் நகல், இல்லையென்றால் ஒட்டு.

வீட்டுக் கணினியில் ஷெல்லில் இருக்கும்போது டிமக்ஸ் கேட்டிருக்கிறது, ஷெல் கேட்கவில்லை. டிமக்ஸ் மெனு.

நியோவிம் திறந்திருந்தால் நியோவிமும் கேட்டிருக்கும். டிமக்ஸின் முன்னிருப்புக் கட்டளையிலேயே ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே இருக்கும் நிரல் மவுஸைக் கேட்டிருந்தால் அதற்கே அனுப்பிவிடு, கேட்கவில்லை என்றால் மட்டும் மெனுவைக் காட்டு. 0.8 பதிப்பிலிருந்து நியோவிம் தொடக்கத்திலேயே மவுஸைக் கேட்கிறது, அதற்கென்று ஒரு பாப்அப் மெனுவும் வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்த "வேறு மெனு" அதுதான்.

அந்த மூவர் வரிசையைத் தாண்டவும் வழி உண்டு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பெரும்பாலான டெர்மினல்கள் உள்ளே அனுப்பாமல் தாங்களே எடுத்துக்கொள்ளும். க்னோம் டெர்மினலில் செய்து பாருங்கள், அதன் சொந்த மெனு வரும். ஆல்ட்டோடு ரைட் கிளிக் செய்தால் நியோவிமுக்குள் இருந்தாலும் டிமக்ஸ் மெனு வரும், முன்னிருப்பிலேயே அப்படித்தான். ஆனால் உங்கள் விண்டோ மேனேஜர் ஆல்ட் ரைட் கிளிக்கைத் தன் வேலைக்கு வைத்திருந்தால் அது வரிசைக்கு முன்னாலேயே நின்று பிடுங்கிக்கொள்ளும்.

மெனுவை மாற்றுவதற்கு முதல் படி: லிஸ்ட்-கீஸ் கட்டளைக்கு மைனஸ் பெரிய டி, ரூட் என்று கொடுத்து அதில் மவுஸ்டவுன்3பேன் என்ற வரியைத் தேடுங்கள். ஏழெட்டு வரிக்கு மடிந்து வரும் ஒரு அரக்கன் கிடைக்கும். அதுதான் உங்கள் மெனு. அதை அப்படியே கான்ஃபிக் ஃபைலில் போட்டு வெட்டுங்கள். வெற்றுத் தாளில் தொடங்குவதைவிட இது சுலபம்.

அமைப்பு எளிமையானது. டிஸ்ப்ளே-மெனு என்ற கட்டளை, அதன் பின்னால் மும்மூன்றாக: வரியின் பெயர், சுருக்கு எழுத்து, செய்ய வேண்டிய கட்டளை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறிகள் இருந்தால் அது பிரிக்கும் கோடு, அதற்குப் பின்னால் எழுத்தும் கட்டளையும் வேண்டாம். பெயர் ஹைஃபனில் தொடங்கினால் வரி மங்கலாகத் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது. மெனு வரும் இடத்துக்கு மைனஸ் எக்ஸ், மைனஸ் ஒய் இரண்டுக்கும் பெரிய எம் கொடுத்தால் மவுஸ் நிற்கும் இடம்.

உங்கள் முதல் தொல்லைக்கு ஒரே எழுத்து மருந்து: மைனஸ் பெரிய ஓ. அது இல்லாவிட்டால், பட்டனை அழுத்திப் பிடித்து, வேண்டிய வரிக்கு இழுத்து, அங்கே விட வேண்டும் என்பது டிமக்ஸின் கணக்கு. எந்த வரியின் மேலும் இல்லாமல் விட்டால் மூடிவிடும். டச்பேடில் தட்டும்போது அழுத்துவதும் விடுவதும் ஒன்றாகப் போவதால்தான் மின்னி மறைகிறது. ஓ போட்டால் நிற்கும்.

இந்த மெனுவே 3.0 முதல்தான். 2019இல் வந்தது. சர்வரில் உள்ள 2.9க்கு டிஸ்ப்ளே-மெனு என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே மவுஸை ஆன் செய்து ரைட் கிளிக் செய்தால் மெனு வராது, அந்தப் பேனைக் குறித்து வைத்துக்கொள்ளும், கீழே நிலைவரியில் ஒரு எம் முளைக்கும்.

#5 சுருக்குவிசை

கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் இருக்கத்தானே டிமக்ஸுக்கே வந்தோம்? அதில் ரைட் கிளிக் மெனு என்பது சைக்கிளுக்கு ஸ்டியரிங் வைப்பது மாதிரி இருக்கிறது. நான் மவுஸை ஆன் செய்ததே இல்லை.

#6 ஓரச்சாளரம்

@சுருக்குவிசை, எனக்கு மணிக்கட்டு வலி. சில நாள் கீபோர்டைவிட மவுஸ் மேல். இன்னொன்று, மெனுவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சுருக்கு எழுத்து தெரிகிறது இல்லையா, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாதி விசைகளைக் கற்றுக்கொண்டேன். மேனுவலைப் புரட்டிக் கற்றதைவிட அதிகம்.

மவுஸ் இல்லாமலும் இந்த மெனு வரும். ப்ரிஃபிக்ஸ் (டிமக்ஸ் சுருக்குகளுக்கு முன்னால் அழுத்தும் விசை) அழுத்திவிட்டு "விடப் பெரியது" குறியை அழுத்தினால் பேன் மெனு, "விடச் சிறியது" குறியை அழுத்தினால் விண்டோ மெனு. உங்களிடமும் இருக்கிறது, பார்த்திருக்க மாட்டீர்கள்.

#7 சுருக்குவிசை

பார்த்ததில்லை. இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். சரி, இது பரவாயில்லை.

#8 வெண்திரை

ரைட் கிளிக் என்றதும் என் பழைய காயம் வலிக்கிறது. புட்டியில் ஒரு சர்வரில் இருந்தேன். கிளிப்போர்டில் அப்போதுதான் நகலெடுத்த நாற்பது வரி குறிப்பு இருந்தது, பாதி கட்டளைகள், பாதி என் சொந்த வார்த்தைகள். மெனு வரும் என்ற நினைப்பில் ரைட் கிளிக் செய்தேன். நாற்பது வரியும் ஒன்றன்பின் ஒன்றாக ஷெல்லில் ஓடிற்று. என் வார்த்தைகளுக்கு "கட்டளை இல்லை" என்று பதில் வந்தது. கட்டளைகளுக்கு அப்படி வரவில்லை. அதில் ஒன்று ஒரு சர்வீஸை நிறுத்துவது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது: புட்டியின் அமைப்பில் விண்டோ, அதற்குள் செலக்‌ஷன் பக்கத்தில் மவுஸ் பட்டன்களுக்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. முன்னிருப்பில் "காம்ப்ரமைஸ்", அதில் வலது பட்டன் ஒட்டும். "விண்டோஸ்" என்பதற்கு மாற்றினால் வலது பட்டன் மெனுவைக் கொண்டுவரும். "எக்ஸ்டெர்ம்" என்றால் நடு பட்டன் ஒட்டும், வலது பட்டன் தேர்வை நீட்டும். எந்த ஏற்பாட்டில் இருந்தாலும் கன்ட்ரோல் ரைட் கிளிக் மெனுவைக் காட்டும். மாற்றிவிட்டு அந்த செஷனைச் சேமிக்க மறக்காதீர்கள், நான் ஒருமுறை மறந்து திரும்பவும் ஒட்டினேன்.

#9 பழைய_முனையம்

@வெண்திரை, அந்த மாதிரி விபத்துக்கு இன்னொரு தடுப்பும் இருக்கிறது. ப்ராக்கெட்டட் பேஸ்ட் என்பார்கள், எண் 2004. ஒட்டும்போது முன்னும் பின்னும் டெர்மினல் ஒரு அடையாளம் வைத்து அனுப்பும், அதனால் இது தட்டியதல்ல, ஒட்டியது என்று ஷெல்லுக்குத் தெரியும். வரிகளை உடனே ஓட்டாமல், மொத்தத்தையும் காட்டிவிட்டு என்டருக்குக் காத்திருக்கும். ரீட்லைன் 8.1, அதாவது பேஷ் 5.1 முதல் இது முன்னிருப்பிலேயே ஆன். உங்கள் சர்வர் அதைவிடப் பழையதாக இருந்திருக்கும். விண்டோஸ் டெர்மினல் தன் பங்குக்குப் பல வரிகளை ஒட்டும்போது எச்சரிக்கைப் பெட்டி காட்டும். அதை எரிச்சலாக இருக்கிறதென்று அணைத்து வைக்காதீர்கள்.

#10 நள்ளிரவு_நிரலன்

@பழைய_முனையம், கோடி நன்றி. ஓ போட்டதும் மெனு நின்றுவிட்டது! கில், ரெஸ்பான், ஸ்வாப் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன்.

ஆனால் உற்சாகத்தில் என் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். கிட் ஸ்டேட்டஸ், கிட் லாக், நான்கு சர்வர்களுக்கு எஸ்எஸ்ஹெச், டிஸ்க் இடம், இன்னும் என்னென்னவோ. இப்போது சில பேன்களில் வருகிறது, திடீரென்று வருவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கான்ஃபிக் ஃபைலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

#11 ஓரச்சாளரம்

விண்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

#12 நள்ளிரவு_நிரலன்

வருகிறது!! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

#13 ஓரச்சாளரம்

நானும் ஒரு மாலை முழுக்க இதே குழியில் கிடந்தேன். மெனு டெர்மினலுக்குள் அடங்காவிட்டால் டிமக்ஸ் அதைக் காட்டாது. சுருக்கியும் காட்டாது, உருட்டவும் விடாது, சத்தமே இல்லாமல் விட்டுவிடும். மேனுவலில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்? பேனின் அளவு கணக்கில்லை, மொத்த டெர்மினலின் அளவுதான் கணக்கு. பாதித் திரைக்கு விண்டோவைச் சுருக்கி வைத்திருந்திருப்பீர்கள், அது உங்களுக்குப் பேன் மாறியதால் வந்ததுபோல் தெரிந்திருக்கும்.

என் யோசனை, பன்னிரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். எஸ்எஸ்ஹெச் நான்கையும் தனி மெனுவாக்குங்கள். மெனுவின் ஒரு வரிக்குக் கட்டளையாக இன்னொரு டிஸ்ப்ளே-மெனு கொடுக்கலாம். அல்லது அவற்றை நிலைவரிக்கு மாற்றுங்கள். மவுஸ்டவுன்3ஸ்டேட்டஸ் என்றால் விண்டோ பெயர் மேல் ரைட் கிளிக், மவுஸ்டவுன்3ஸ்டேட்டஸ்லெஃப்ட் என்றால் இடது மூலையில் செஷன் பெயர் மேல். சர்வர் பட்டியலுக்கு மூலைதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

க்யூ எழுத்தைச் சுருக்காக வைக்காதீர்கள். மெனுவை மூடுவதற்கு அது வேண்டும்.

#14 மீன்கொத்தி

நியோவிம் பக்கத்துக்கு நான். அங்கே இது இன்னும் சுலபம். மெனுவின் பெயர் பாப்அப். முன்னிருப்பு மெனுவில் "மவுஸை முடக்குவது எப்படி" என்று ஒரு வரி வரும் பாருங்கள், எல்லோரையும் முதலில் உறுத்துவது அதுதான். ஏஅன்மெனு என்ற கட்டளைக்குப் பின்னால் பாப்அப், ஒரு புள்ளி, அந்த வரியின் பெயர் கொடுத்தால் போய்விடும். பெயரில் உள்ள ஒவ்வொரு இடைவெளிக்கு முன்னும் பின்சாய்கோடு போட வேண்டும். புள்ளியும் வரியின் பெயரும் இல்லாமல் வெறும் பாப்அப் என்று கொடுத்தால் மெனுவே காலி.

சேர்ப்பதற்கு என்நோர்மெனு சாதாரண நிலைக்கு, விநோர்மெனு தேர்வு செய்திருக்கும் நிலைக்கு. இதுதான் எனக்குப் பிடித்தது: தேர்வு செய்திருந்தால் ஒரு மெனு, இல்லாவிட்டால் வேறு மெனு. நான் வைத்திருப்பது, சாதாரண நிலையில் "வரையறைக்குப் போ", "எங்கெல்லாம் வருகிறது", தேர்வு நிலையில் "வரிசைப்படுத்து", "நகல்". மொத்தம் நான்கே.

மெனு திறக்கும் கணத்துக்கு முன்னால் மெனுபாப்அப் என்றொரு நிகழ்வு கிளம்பும். அதைப் பிடித்து, மொழி சர்வர் (நிரலைப் புரிந்துகொண்டு எடிட்டருக்கு உதவும் துணை நிரல்) இணைந்திருந்தால் மட்டும் "வரையறைக்குப் போ" தெரிய வைக்கலாம். கர்சர் கிளிக் செய்த இடத்துக்கே நகர வேண்டும் என்றால் மவுஸ்மாடல் பாப்அப்_செட்பாஸ் ஆக இருக்க வேண்டும். நியோவிமில் அதுவே முன்னிருப்பு. பழைய விம் வைத்திருப்பவர்கள் தாங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

#15 நள்ளிரவு_நிரலன்

நிலைவரி யோசனை அருமை. நியோவிம் வரியும் போய்விட்டது, நன்றி மீன்கொத்தி.

இப்போது என் உண்மையான ஆசைக்கு வருகிறேன், லாக் ஃபைலைத் திறப்பது. மவுஸ்_வேர்ட் என்ற மாறியில் கிளிக் செய்த இடத்துச் சொல் கிடைக்கும் என்று பார்த்தேன். மேலே மிதக்கும் சிறு சாளரத்தைத் திறக்கும் டிஸ்ப்ளே-பாப்அப் வைத்து, ஃபைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கு அதைக் கொடுத்தேன். ஆனால் முழுப் பாதையின் மேல் கிளிக் செய்தாலும் அதில் ஒரு துண்டு மட்டும்தான் போகிறது. "லாக்" என்று ஒரு ஃபைல் இல்லை என்று லெஸ் திட்டுகிறது.

#16 பழைய_முனையம்

ஒரு சொல் எங்கே முடிகிறது என்று டிமக்ஸ் முடிவு செய்வது வேர்ட்-செபரேட்டர்ஸ் என்ற அமைப்பை வைத்து. உங்களுடையதில் சாய்கோடும் புள்ளியும் ஹைஃபனும் பிரிப்பான்களாக இருக்கும். ஷோ-ஆப்ஷன்ஸ் மைனஸ் ஜி போட்டுப் பாருங்கள். அந்த மூன்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டால் பாதை முழுசாக வரும்.

முக்காற்புள்ளியை என்ன செய்வது என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. கம்பைலர் பிழைகளில் ஃபைல் பெயர், முக்காற்புள்ளி, வரி எண் என்று வரும். அதைப் பிரிப்பானாக வைத்தால் ஃபைல் பெயர் மட்டும் சுத்தமாகக் கிடைக்கும். எடுத்துவிட்டால் இணைய முகவரிகள் முழுதாகக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நான் பிரிப்பானாகவே வைத்திருக்கிறேன், முகவரியைவிடப் பிழைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்று நினைவிருக்கட்டும்: காப்பி மோடில் இரட்டைச் சொடுக்கில் சொல் தேர்வாவதும் இதே அமைப்பால்தான், அதுவும் சேர்ந்து மாறும்.

பாதை முழுமையாக இல்லாமல் வெறும் ஃபைல் பெயராக இருந்தால், பாப்அப்புக்கு மைனஸ் டி கொடுத்துப் பேன்_கரன்ட்_பாத் என்ற மாறியை வைத்துவிடுங்கள். அந்தப் பேன் எந்த அடைவில் நிற்கிறதோ அங்கேயே திறக்கும்.

#17 கூர்முனை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. மவுஸ்_வேர்டை அப்படியே ஷெல்லுக்குக் கொடுக்கிறீர்களா?

திரையில் தெரிவது எல்லாம் நீங்கள் எழுதியதல்ல. லாக்கில் வெளியாள் அனுப்பியதும் இருக்கும். யாரோ ஒருவர் உங்கள் இணையச் செயலிக்கு ஒரு விசித்திரமான பெயரோடு வேண்டுகோள் அனுப்புகிறார், நடுவில் ஒரு அரைப்புள்ளி, அதன் பின்னால் ஒரு கட்டளை. அது உங்கள் லாக்கில் வந்து உட்காரும். அரைப்புள்ளி பிரிப்பானாக இல்லாத அமைப்பில் அதன் மேல் நீங்கள் ரைட் கிளிக் செய்து "திற" என்றால், ஷெல் லெஸ்ஸை ஓட்டிவிட்டு அரைப்புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் ஓட்டும். உங்கள் பெயரில், உங்கள் அனுமதியில். இப்போது பிரிப்பான்களைக் குறைத்துவேறு வைத்துவிட்டீர்கள், சொல் நீளமாகப் பிடிபடும்.

#18 நள்ளிரவு_நிரலன்

ஐயோ. இதை நினைக்கவே இல்லை. அப்படியானால் இந்த வசதியே வேண்டாமா?

#19 கூர்முனை

வேண்டும், கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். மாறியின் பெயருக்கு முன்னால் சிறிய க்யூவும் முக்காற்புள்ளியும் சேர்த்தால் சிறப்புக் குறிகளுக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டுத் தரும். டிமக்ஸின் சொந்த மெனுவில் "சொல்லை நகலெடு" வரியைப் பாருங்கள், அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேற்கோளுக்குள் மேற்கோள், அதற்குள் ஷெல் என்று போகும்போது எந்த அடுக்கு எந்தப் பின்சாய்கோட்டைத் தின்கிறது என்று எனக்கே தலை சுற்றும். அதனால் நான் சொல்லை ஷெல் கட்டளைக்குள் நுழைக்கவே மாட்டேன்.

என் வழி: மெனு வரி செட்-பஃபர் மூலம் சொல்லை டிமக்ஸின் பஃபரில் (நகலெடுத்ததை வைக்கும் இடம்) போடும், முன்னிருப்பு மெனுவில் இருக்கும் அதே வடிவில். அப்புறம் பாப்அப்பில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் ஓடும். ஸ்கிரிப்ட் ஷோ-பஃபர் கட்டளையால் அந்தச் சொல்லைப் படித்து மாறியில் வைக்கும், இரட்டை மேற்கோளுக்குள் அந்த மாறியை வைத்து, அப்படி ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் மட்டும் லெஸ், முன்னால் இரண்டு ஹைஃபன். சொல் தரவாகவே போகிறது, கட்டளையாக மாற இடமில்லை. ஹைஃபனில் தொடங்கும் ஃபைல் பெயரும் லெஸ்ஸைக் குழப்பாது. ஆறு வரி ஸ்கிரிப்ட்.

வேண்டுமென்றேதான் வரியாக எழுதாமல் விவரமாகச் சொல்கிறேன். நகலெடுத்து ஒட்ட முடியாதபடி தமிழில் இருப்பது இந்த விஷயத்தில் நல்லதுதான்.

#20 வெண்திரை

நாற்பது வரி ஒட்டியவன் என்ற முறையில் வழிமொழிகிறேன்.

#21 தேன்சிட்டு

மேக்கில் ஐடெர்ம்2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே வேலைக்கு டிமக்ஸ் வேண்டியதில்லை. ப்ரொஃபைலில் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்மார்ட் செலக்‌ஷன் என்று இருக்கிறது. ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி அதற்கு ஆக்‌ஷன்கள் சேர்க்கலாம். அந்த வடிவத்துக்குப் பொருந்தும் எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் மெனுவின் மேலேயே உங்கள் வரி வந்து நிற்கும். நான் டிக்கெட் எண்களுக்கு வைத்திருக்கிறேன், கிளிக் செய்தால் அந்த டிக்கெட் உலாவியில் திறக்கும். சொல் எங்கே முடிகிறது என்ற சண்டையே இல்லை, எக்ஸ்பிரஷன்தான் முடிவு செய்கிறது. டிமக்ஸுக்குள் இருந்து தேர்வு செய்ய வேண்டும் என்றால் ஷிஃப்டுக்குப் பதில் ஆப்ஷன் விசை.

கூர்முனை சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். "கட்டளையை ஓட்டு" ஆக்‌ஷன் வைக்கும்போது எக்ஸ்பிரஷனை இறுக்கமாக எழுதுங்கள்.

#22 ஓரச்சாளரம்

அந்த வரிசையில் இன்னும் இரண்டு. விண்டோஸில் சிக்வின் அல்லது கிட் பேஷ் போட்டால் கூடவே வரும் மின்டியில் யூசர்கமாண்ட்ஸ் என்ற அமைப்பு உண்டு. பெயர், முக்காற்புள்ளி, கட்டளை என்று எழுதினால் மெனுவில் சேர்ந்துவிடும். தேர்வு செய்த எழுத்து ஒரு சூழல் மாறியாகக் கட்டளைக்குப் போகும், கட்டளையின் வெளியீடு டெர்மினலில் ஒட்டப்படும். டெர்மினேட்டரில் கஸ்டம் கமாண்ட்ஸ் ப்ளகினை ஆன் செய்தால் மெனுவிலேயே சேர்க்க இடம் வரும். எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலில் வலது பட்டனுக்கு மெனுவா ஒட்டுவதா என்று தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

அலாக்ரிட்டி, கிட்டி ஆட்களே, தேடாதீர்கள், மெனு என்ற ஒன்றே இல்லை. பட்டனுக்கு என்ன வேலை என்று மட்டும் மாற்றலாம்.

#23 நள்ளிரவு_நிரலன்

இன்றைய நிலவரம். ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன், ஒன்பது வரி ஆகிவிட்டது, ஃபைல் இல்லையென்றால் "இல்லை" என்று சொல்வதற்கு இரண்டு வரி போயிற்று. பாதையின் மேல் ரைட் கிளிக், "திற", பாப்அப்பில் லாக். அற்புதமாக இருக்கிறது.

ஆனால் ஆசை யாரை விட்டது. மெனு வரிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேன். "திற", "நகல்", "தேடு", "கிட் நிலை", "பெரிதாக்கு". எல்லாம் தெரிகிறது, ஆனால் மெனுவின் வலது பக்கக் கோடு வரிக்கு வரி உள்ளே வெளியே என்று ஆடுகிறது. ஏதாவது வழி உண்டா?

#24 பழைய_முனையம்

இது டிமக்ஸின் தவறு மட்டும் இல்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை கட்டம் என்று டிமக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கும், டெர்மினல் ஒரு கணக்கு வைத்திருக்கும், எழுத்துரு தன் போக்கில் வரையும். யூனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் அடைக்காத குறி வகை, ஆகாரக் குறி, இகரக் குறி, உகரக் குறி எல்லாம் இடம் அடைக்கும் குறி வகை. "நிலை" என்பதில் எத்தனை கட்டம் என்று இரண்டு நிரல்களைக் கேட்டால் இரண்டு பதில் வரலாம். கணக்கு ஒத்துப்போகாத வரியில் கோடு நகர்கிறது.

3.4இல் மெனு-பார்டர்-லைன்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கு பேடட் என்று கொடுங்கள். கோட்டுக்குப் பதில் வெற்றிடம் வரும். பின்னணி நிறத்தின் ஓரம் லேசாகக் கோணலாகத் தெரியலாம், கோடு ஆடுவதுபோல் கண்ணை உறுத்தாது. சுருக்கு எழுத்துகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், மெனு திறந்ததும் விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறதென்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

#25 நள்ளிரவு_நிரலன்

பேடட் போட்டேன். பின்னணியைக் கறுப்பாகவே விட்டுவிட்டேன், கோணல் எங்கேயும் தெரியவில்லை. "நிலை" மட்டும் சுருக்கு எழுத்தைக் கொஞ்சம் இடிக்கிறது. இடிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சோதனைக்காக நிலைவரியின் வலது மூலைக்கும் ஒரு மெனு வைத்திருந்தேன். கான்ஃபிக்கிலிருந்து அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினாலும் அது போக மாட்டேன் என்கிறது.

#26 ஓரச்சாளரம்

கான்ஃபிக்கை மீண்டும் ஏற்றுவது என்பது அதில் உள்ள கட்டளைகளை மறுபடி ஓட்டுவது மட்டும்தான். அழித்த வரியைப் பற்றி டிமக்ஸுக்கு எப்படித் தெரியும்? அன்பைண்ட் மைனஸ் என், மவுஸ்டவுன்3ஸ்டேட்டஸ்ரைட் என்று ஒருமுறை கையால் கொடுங்கள்.

#27 நள்ளிரவு_நிரலன்

போய்விட்டது. விண்டோஸ் பக்கமும் முடித்துவிட்டேன்: அமைப்புக் கோப்பில் ப்ரொஃபைல்களுக்கான பொது இடத்தில் எக்ஸ்பெரிமென்டல் என்று தொடங்கும் ரைட்கிளிக்கான்டெக்ஸ்ட்மெனு என்பதை ட்ரூ ஆக்கியதும் ஒட்டுவதற்குப் பதில் மெனு வருகிறது. சர்வரில் 2.9 இருக்கும்வரை அங்கே டிமக்ஸ் மவுஸைத் தொடப்போவதில்லை.

#28 சுருக்குவிசை

ஒரு சந்தேகம். ப்ரிஃபிக்ஸுக்குப் பின்னால் வரும் அந்த மெனுவிலும் இதே மாதிரி என் வரிகளைச் சேர்க்கலாமா? நண்பருக்காகக் கேட்கிறேன்.

#29 ஓரச்சாளரம்

சேர்க்கலாம். லிஸ்ட்-கீஸில் ரூட்டுக்குப் பதில் ப்ரிஃபிக்ஸ் அட்டவணையைப் பாருங்கள், அதே அரக்கன் அங்கேயும் இருப்பான். மவுஸ் இல்லாததால் இடத்துக்கு எம் வேண்டாம், பி கொடுங்கள், பேனின் மூலையில் வரும். மவுஸ்_வேர்ட் மட்டும் கிடைக்காது. நண்பரிடம் சொல்லுங்கள்.